லிஃப்டுக்காரர் அடித்த மூன்று ஆணிகள்

மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கல் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இந்தப் புறநகரில் நூற்றுப் பத்து வீடு கட்டியிருக்கிறேன். சொந்தமாக ஆறு அறை கட்டி, இல்லாதப்பட்டவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகைக்கு விட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நானே கோட்டை விட்டேன். அதில் மாட்டிக்கொண்டவர் கடைசி அறையில் குடியிருக்கும் லிஃப்டுக்காரர்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். தினம் நூறு தடவை ஏழாவது மாடிக்குப் போனாலும் மனுஷன் வாழ்க்கை என்னவோ தரையிலேதான். கால்வாய்க் கரையில் இருந்தார், இடித்தார்கள். பாலத்தடியில், மார்க்கெட்டுக்குப் பின்னால், அங்கேயும் இடித்தார்கள். அதிலிருந்து ஒரு பழக்கம்: சுவரில் ஆணி அடிக்க மாட்டார். என்னிடம் வந்து ஒன்பது வருஷம். துணியெல்லாம் ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில், கடிகாரம் டிரங்குப் பெட்டி மேல். தெருவில் லாரி பின்னால் நகரும் 'பீப் பீப்' கேட்டால் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

"ஒரு ஆணி அடிய்யா, என் சுவரு தாங்கும்" என்பேன்.

"இருக்கட்டும்ண்ணே. பிடுங்குற நேரமாவது மிச்சம்" என்று சிரிப்பார். சிரிக்கும்போதும் பார்வை தெருவில்தான்.

போன மாசம் நகரசபைச் சுவரில் புது நிலத் திட்டப் படம் ஒட்டினார்கள். மஞ்சள் குடியிருப்பு, பச்சை பூங்கா. பச்சைக்குள் வீடு நிற்கக் கூடாது. ஆட்சேபணை சொல்ல முப்பது நாள். லிஃப்டுக்காரர் என்னைக் கையோடு இழுத்துப் போனார். எங்கள் ரோட்டுக்கு மேலே மஞ்சள், கீழே பச்சை.

"நாம எதுலண்ணே இருக்கோம்?"

"யாரைப் பார்த்துக் கேக்குறே? பிளான் பார்த்தே தலை நரைச்சவன்யா நான். நாம மஞ்சள்."

"எதுக்கும் ஒரு மனு எழுதிப் போட்டுருவமா?"

"வராத காய்ச்சலுக்கு மாத்திரை முழுங்குவியா? போ, போய் ஆணி அடி."

அன்று சாயங்காலமே அடித்தார். மூன்று ஆணி. கடிகாரம், காக்கிச் சட்டை, கல்யாணப் போட்டோ. அவர் சம்சாரம் எட்ட நின்று பார்த்து, "கடிகாரம் கோணல். ஆனாலும் அழகாத்தான் இருக்கு" என்றாள்.

முப்பதாவது நாள் மத்தியானம், டேப்போடு இரண்டு பேர் வந்து எங்கள் வாசலில் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சி அடித்தார்கள்.

"தம்பி, பச்சை எதிர்ப்பக்கம்ப்பா!"

"இல்ல பெரியவரே. படத்துல வடக்கு மேலே. உங்க வாசல் வடக்கு பார்த்தது. வீடு ரோட்டுக்குக் கீழேதான் வரும்."

அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மேஸ்திரிகள் பிளானைப் பிடித்தால் ரோட்டை வயிற்றுப் பக்கம் வைத்துத்தான் பார்ப்போம். வீடு எப்போதும் ரோட்டுக்கு மேலே. சுவரில் ஒட்டின படம் எனக்காகத் திரும்புமா?

ஐந்து மணிக்கு நகரசபை ஆபீஸ் மூடிவிடும். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது. நாலு, மூணு, ரெண்டு என்று விளக்கு இறங்கும்வரை கதவை ஒட்டி நின்றேன். கதவு திறந்ததும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எத்தனை மணிக்குண்ணே மூடுவாங்க?" என்றார். லிஃப்டை வேறொருவரிடம் விட்டுவிட்டு என்னோடு நகரசபைக்கு ஓடிவந்தார்.

என் அறைகளுக்கான மனுவை அவர்தான் எழுதினார். எனக்கு எழுத்து அவ்வளவுதான். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது முத்திரை விழுந்தது.

"விசாரணை இருபத்தி மூணாந்தேதி. இடிப்பாங்களா மாட்டாங்களான்னு என்னைக் கேக்காதீங்க" என்றார் குமாஸ்தா.

வீடு வந்ததும் லிஃப்டுக்காரர் கடிகாரத்தை இறக்கினார்.

"இன்னும் ஒண்ணும் முடிவாகலையேய்யா!"

அவர் மூன்று ஆணியையும் பிடுங்கி என் கையில் வைத்தார். "நீங்களே வச்சிருங்கண்ணே. நல்லபடியா முடிஞ்சா கொடுங்க."

சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். இருபத்தி மூணுக்கு இன்னும் ஆறு நாள். இன்று காலை லாரிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே அவர் அங்கே நின்றிருந்தார்.