பாலைவனத்துக் காகம்

என் கணவருடைய சேர்ட்டின் முதுகு தொப்பலாக நனைந்திருந்ததைக் கண்டதும் நான் நடையை நிறுத்திவிட்டேன். ஜோர்தான் பாலைவனத்துக் காற்றில் வியர்வை தங்காது, வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். என் உடுப்பும் மகளின் உடுப்பும் மொரமொரவென்று இருந்தன. இந்த மனுசனுக்கு மட்டும் ஏன் இப்படி ஊற்றுகிறது?

வெயிலுக்கு ஏங்கித்தான் டென்மார்க்கிலிருந்து புறப்பட்டோம் என்று நான் நினைத்திருந்தேன். நாங்கள் இருக்கும் ஹோர்சன்ஸில் சித்திரை மாதத்திலும் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் குப்பை கொட்டப் போகவேண்டும். பயண நாளைத் தெரிவு செய்தவர் அவர். மலைப் பிளவுக்குள் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது, நடந்துதான் போகலாம் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். கடற்கரையில் கால் நனைக்கவே பஞ்சிப்படுகிறவருக்கு இதென்ன புது ஆசை என்று பகிடி பண்ணினேன். சிரித்தார்.

சாரதி எங்களைத் தெருவில் இறக்கிவிட்டு, வற்றிய ஆற்றுப் படுக்கையைக் காட்டி, இதைப் பிடித்துக்கொண்டே போங்கள், பின்னேரம் வரை இங்கே நிற்பேன் என்றார். முதல் வளைவோடு தொலைபேசியில் சிக்னல் போய்விட்டது. இரண்டு பக்கமும் செங்கல் நிறப் பாறை. ஆள் நடமாட்டமே இல்லை.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சீனி வருத்தக்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. இரத்தத்தில் சீனி இறங்கினால் முதலில் வியர்க்கும், பிறகு காரணமில்லாமல் கோபம் வரும், பிறகு நாக்குக் குழறும். அதற்குப் பிறகு ஆள் விழுந்துவிடும். என் கணவரும் தினமும் இன்சுலின் ஊசி போடுகிறவர்.

“இஞ்சேருங்கோ, காலமை சாப்பிட்டனீங்களோ?”

“ஓம் எண்டு சொன்னனான்தானே. எத்தினை தரம் கேப்பீர்?”

என்னோடு எரிந்து விழுகிற மனுசனே அல்ல அவர். அந்தக் குரலைக் கேட்டதும் என் பயம் இரட்டிப்பானது. நடையும் கோணலாகிவிட்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு பாறையில் கையை ஊன்றி, அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

முன்னால் போன மகள் ஓடிவந்து, என்ன நடந்தது என்று டேனிஷில் கேட்டாள். டென்மார்க்கில் பிறந்தவள், பயந்தால் தமிழ் வராது.

“இண்டைக்குச் சித்திராப் பௌர்ணமி” என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாயை இழந்தவர்கள் அன்றைக்கு விரதம் இருப்பார்கள். தாய்க்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் வாயில் ஏதும் வைப்பார்கள். என் மாமி, இவருடைய தாய், ஊரில் கண்மூடியபோது இவரால் போக முடியவில்லை. எங்கள் நாட்டில் இறந்தவர்களுக்குக் கிரியை செய்கிற கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் இவர் செய்யவேண்டிய கடமையைச் சொந்தக்காரர் ஒருவர்தான் செய்தார். அந்தக் குறையை இந்த வெந்நீரில் தலைமுழுகித் தீர்க்க வந்திருக்கிறார். ஹோட்டலில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது கீழே போய்ச் சாப்பிட்டதாகச் சொன்னது பொய்.

“அப்ப ஊசி?”

“போட்டனான். மருந்து சாப்பாடில்லைத்தானே. விரதம் முறியாது.”

கேட்டீர்களா கதையை. டேனிஷ்காரன் என்றால் சாப்பிட்டுவிட்டு ஊசியை மறப்பான். சாப்பாட்டை விட்டுவிட்டு ஊசியை மட்டும் பக்தியோடு குத்திக்கொள்ள எங்கள் ஆட்களால்தான் முடியும்.

பையிலிருந்து ஜூஸ் பெட்டியை எடுத்து ஸ்ட்ரோவைக் குத்தினேன். அவசரத்தில் பாதி என் மடியில் சிந்தியது. வாயருகில் கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“அம்மாவுக்கு வைக்கேல்லை. காகம் எடுக்கேல்லை” என்று குழறினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டார்.

கெஞ்சினேன். ஏசினேன். உங்கள் அம்மா இருந்தால் உங்களுக்கு இரண்டு போட்டிருப்பா என்றேன். கண் சொருகத் தொடங்கியது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற முடியாது, புரைக்கேறிவிடும். அதற்கென்று உள்ள, சீனியை ஏற்றுகிற அவசர ஊசி, ஹோர்சன்ஸ் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பத்திரமாக இருந்தது. இந்தக் கல்லுக்குள் இந்த மனுசனைப் பறிகொடுக்கப் போகிறேன் என்றே நினைத்தேன். அம்மாளாச்சி, என்னைக் கைவிட்டுவிடாதே என்று மனதுக்குள் அழுதேன்.

மகள் என் பையைப் பறித்தாள். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தாள். வீட்டில் விளக்கேற்றச் சொன்னாலே முகத்தைச் சுளிக்கிறவள், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அவருக்கு முன்னால் இருந்த தட்டையான கல்லில் அதை வைத்தாள். மேலே பார்த்து “கா, கா” என்று கூப்பிட்டாள். பாறையில் பட்டு அவள் குரல்தான் திரும்பி வந்தது. ஒரு ஈகூட வரவில்லை. அவர் அரைக்கண்ணால் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்கும் கல்லுக்கும் நடுவில் குந்தினாள். எழுந்தபோது கல் வெறுமையாக இருந்தது.

“அப்பா, காகம் எடுத்திட்டுது. அப்பம்மா சாப்பிட்டிட்டா. இப்ப நீங்கள் குடியுங்கோ.”

தமிழில்தான் சொன்னாள். அவர் வாயைத் திறந்தார்.

ஒரு பெட்டி, பிறகு இன்னொன்று, பிறகு பேரீச்சம்பழம், பாண் துண்டு. நெற்றி காயும்வரை நான் அவருடைய கையை விடவில்லை. பேச்சுத் தெளிந்ததும் முதலில் கேட்டது, “ஊற்று இன்னும் தூரமோ?”

ஊற்றுமாச்சு மண்ணாங்கட்டியுமாச்சு என்று சாரதியிடம் திருப்பிக் கூட்டிவந்தேன். வெந்நீரை நாங்கள் காணவேயில்லை.

வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்க்கும்போது, மகளுடைய காற்சட்டைப் பொக்கெட்டில் அந்தப் பழம் இருந்தது, மணலும் நூலும் ஒட்டியபடி. அவளிடம் காட்டினேன்.

“அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றாள்.

நான் சொல்லவில்லை. அவரோ கோல்டிங் நகரத்தில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பாலைவனத்துக்கே அம்மா காகமாய் வந்தவா என்று கதை சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்கும்போதெல்லாம் அந்தக் கண் சொருகிய முகம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கும். இன்றைக்கும் இரவில் எழும்பி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இந்த வருடச் சித்திராப் பௌர்ணமிக்கு விடிய வெள்ளன எழும்பிச் சமைத்தேன். காகத்துக்கு வை, உடனே சாப்பிடு, பிறகு ஊசி என்பது என் சட்டம். படைத்து முடிந்ததும் அவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்கதவு வரை போனார். அங்கே நின்று, அதை மகளிடம் நீட்டினார்.

“நீ வை, பிள்ளை. காகம் வராட்டியும், வந்திட்டுது எண்டு நீ சொல்லுவாய். அண்டைக்கும் நீ சொன்னது எனக்குப் போதுமாயிருந்தது.”

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அவள் தட்டை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த புல்லில் இறங்கினாள்.