கரண்ட் போனபோது ஓடிய கேசட்

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரியுங்கள், பரவாயில்லை. நானே பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சிரிக்கிற ஆள். அப்போது கல்கத்தாவில், கார்டன் ரீச் ஆபீஸ் ஒன்றில் ஸ்டெனோவாக இருந்தேன். எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் செத்துப்போன வெள்ளைக்கார துரை ஒருவர் நடமாடுகிறார் என்று பியூன் முதல் சூப்பிரண்டெண்ட் வரை சத்தியம் செய்வார்கள். "வரட்டுமே, டிக்டேஷன் குடுத்தா எடுத்துக்கறேன்" என்பேன் நான். அவ்வளவு திமிர்.

எழுபதுகளின் கடைசி அது. ஆபீஸ் சிநேகிதி ஷிபானிக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் ஜாஸ் என்றால் உயிர். பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்களில் வாசித்துக்கொண்டிருந்த பழைய ஆட்கள் ஆஸ்திரேலியா, கனடா என்று பிள்ளைகளோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போவதற்குள் அவர்கள் ஞாபகங்களை எல்லாம் பேட்டியெடுத்து கேசட்டில் பிடித்துவிட வேண்டும் என்று இவர்கள் துடித்தார்கள். கேட்டு டைப் அடிக்க ஓர் ஆள் வேண்டுமே, என்னை இழுத்துவிட்டார்கள். ஜாஸ் என்றால் பாத்திரம் உருளுகிற சத்தம் என்று நினைக்கிற வீடு எங்களுடையது. ஆனால் அந்தக் கிழவர்கள் பேச ஆரம்பித்தால் எழுந்து வர மனசே வராது. அப்படி ஒரு வாயாடிக் கூட்டம். கொஞ்ச நாளில் நானே ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போக ஆரம்பித்துவிட்டேன்.

ரிப்பன் ஸ்ட்ரீட்டில் இருந்த ஆர்தர் அங்கிளைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிளாரினெட் வாசிப்பவர். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர், தமிழ் பேசினால் மெட்ராஸ் மணக்கும். முதல் நாள் உள்ளே போனதும் ஜன்னலோரம் இருந்த பிரம்பு நாற்காலியில் உட்காரப் போனேன். அவர் மகள் மரீன் பதறிப்போய்த் தடுத்தாள். அது பென்னி அங்கிள் சேராம். பென்னி அவருடைய டிரம்மர், இறந்து சில வருஷம் ஆகியிருந்தது.

"அவன் ஸ்டிக்கால நாலு தட்டு தட்டாம நான் ஒரு நாளும் ஊதுனதே இல்லமா," என்றார் அங்கிள். "டிரம்மு இல்லாத எடத்துல கூட சேர் கையில தட்டுவான். அப்புறந்தான் நான் ஆரம்பிப்பேன்."

இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டியூன் போட்டிருந்தார்கள். கிளப் மூடுகிற நேரத்தில், சர்வர்கள் நாற்காலிகளைக் கவிழ்த்து வைக்கும்போது வாசிக்கிற டியூன். எந்த ரெக்கார்டிலும் வரவில்லை, யாரும் எழுதியும் வைக்கவில்லை. பென்னி போன பிறகு அது அங்கிளிடம் மட்டும்தான் இருந்தது. அவரிடமும் பாதிதான் இருந்தது. ஒரு காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து பின்பாதி மறந்துபோய்விட்டது. அடுத்த வாரம் மரீன் அவரை ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகரத்துக்குக் கூட்டிப் போகிறாள். அதற்குள் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் அந்த டியூன் உலகத்திலேயே கிடையாது.

கடைசியாக நான் போன சாயங்காலம் சரியான மழை. ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். மேஜையில் ரெக்கார்டரை வைத்து, வயரைச் சுவரில் செருகி, பட்டனை அழுத்தினேன். அங்கிள் முன்பாதியை வாசித்தார். அழகாக ஏறிப்போய் ஓர் இடத்தில் நின்றது. மறுபடி வாசித்தார், அதே இடத்தில் நின்றது. எத்தனை தடவை! கடைசியில் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"வுட்டுடலாம்மா. இதுக்கு மேல வராது," என்றார்.

அந்த நேரம் பார்த்து லோட் ஷெடிங். ஃபேன் நின்றது, அறை மங்கிப்போனது. கல்கத்தாவில் அது தினமும் நடக்கிற கதைதானே, மரீன் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டு உள்ளே போனாள். ரெக்கார்டரில் பேட்டரி இருக்கிறது, அது பாட்டுக்கு ஓடும் என்று நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அங்கிள் தலையைத் திருப்பினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"கேக்குதாமா?"

"என்னது அங்கிள்?"

"தட்டறாம்மா."

சத்தியமாக எனக்கு மழைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அவர் கிளாரினெட்டை எடுத்தார், ஊதினார். நிற்கிற இடம் வந்தது, நிற்கவில்லை! வளைந்து, இறங்கி, கேலி செய்வதுபோல ஒரு குலுக்கு குலுக்கி, பின்பாதி முழுவதும் வந்து முடிந்தது. மெழுகுவர்த்தியோடு வந்த மரீன் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் என்னையறியாமல் "சபாஷ்!" என்று கத்தினேன். மூன்று பேரும் அழுதோம், சிரித்தோம். அவர் திரும்ப இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். கரண்ட் வந்ததும் மரீன் டீயும் கேக்கும் கொண்டுவந்தாள்.

டாக்குரியாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் நனைந்துகொண்டே, பாடிக்கொண்டே போனேன். என் வீட்டுக்காரரிடம் கதையைச் சொன்னால் அவர் ஒரு மாதிரி முழித்தார்.

"எந்த பேட்டரில ஓடிச்சு?"

"ஏன், அதுல இருக்கறதுலதான்."

"அத நான்தானே காலைல எடுத்தேன், கிரிக்கெட் கமெண்ட்ரி கேக்கறதுக்கு. சொன்னேனே, நீ தலைய ஆட்டுனியே!"

அந்தக் காலத்து கல்கத்தாவில் எந்த வீட்டிலும் இதே கூத்துதான். டார்ச்சுக்கு டிரான்சிஸ்டரில் கை வைப்பார்கள், டிரான்சிஸ்டருக்கு ரெக்கார்டரில் கை வைப்பார்கள். பின்மூடியைத் திறந்தேன். உள்ளே வெறும் ஸ்பிரிங்தான். எனக்கு அப்போது பயமெல்லாம் வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. டியூன் போச்சே! கிழவர் அதைத் திரும்ப மறந்துவிட்டால்? இவரை நாலு திட்டு திட்டிவிட்டு, எது வரைக்கும் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க கேசட்டைப் போட்டேன்.

முழுவதும் இருந்தது. நம்பினால் நம்புங்கள். இவரும் கூட உட்கார்ந்து கேட்டார்.

ரெக்கார்டர் இருந்தது என் எதிரே, மேஜையில். கரண்ட் போகிற வரைக்கும் என் இருமலும் ஃபேன் கிரீச்சிடுவதும் காதுக்குப் பக்கத்தில் கேட்கின்றன, அங்கிளின் கிளாரினெட் சற்றுத் தள்ளிக் கேட்கிறது. ஃபேன் நிற்கிற இடத்திலிருந்து எல்லாம் இடம் மாறிவிடுகிறது. மழை காதை ஒட்டினாற்போல ஜன்னல் கண்ணாடியில் அடிக்கிறது. கிளாரினெட் பக்கத்தில். என் "சபாஷ்" எங்கோ அறையின் அந்தக் கோடியிலிருந்து வருகிறது. நான் கண்ணை மூடி அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கேட்குமோ, அப்படியே. டியூன் தொடங்குவதற்கு முன்னால், என் காதிலேயே தட்டுவது மாதிரி, பிரம்பில் நாலு தட்டு. கரண்ட் வந்ததும் ஃபேன் மறுபடி என் பக்கம் வந்துவிடுகிறது.

மறுநாள் ஓடிப்போய் அங்கிளுக்குப் போட்டுக் காட்டினேன். பேட்டரி விஷயத்தையும் சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. காலி நாற்காலியைப் பார்த்து, "திருடா, கடைசில நீயும் வாசிச்சிட்டியா?" என்று ஒரே சிரிப்பு. பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக பிளேன் ஏறினார்.

அந்த கேசட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த எத்தனையோ பேர் கேட்டு, ஏதேதோ விளக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு இன்றும் விளங்காதது டியூன் முடிந்த பிறகு வருவதுதான். தூரத்தில் நாங்கள் மூன்று பேரும் சிரிக்கிறோம். அதே நேரம், மைக்குக்குப் பக்கத்தில், நாலாவதாக ஒருவர் மெதுவாகச் சிரிக்கிறார். அதற்கப்புறம் ஆபீஸ் மாடிப்படியைப் பற்றி நான் கிண்டல் செய்ததே இல்லை. டிக்டேஷன் எடுத்துக்கொள்கிறேன் என்று சவடால் அடித்தவள் நான். அன்றைக்கு நான் கோட்டைவிட்டதை எனக்குப் பதிலாக யாரோ உட்கார்ந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.