அம்மா ஏன் ‘வாங்க’ சொல்லவில்லை

அம்மாவின் காரியத்துக்கு வந்து எங்களோடு நின்ற சொந்தபந்தங்களுக்கு வணக்கம். அம்மாவின் பெருமைகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் தப்பு ஒன்றை எழுதாமல் இந்த நினைவு மலர் முழுமையாகாது.

அம்மா பிறந்தது கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, அண்ணன் கையில் வளர்ந்தவர். வெள்ளகோவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா போன பிறகு எட்டு விசைத்தறிகளையும் தனியாளாக ஓட்டி என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். ஓடுகிற தறியில் ஒற்றை இழை அறுந்தாலும் தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். வாய் நிறைய ‘வாங்க’ சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்கும் அதே வரவேற்புதான்.

தங்கைக்கு வரன் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மாவுக்கு மூக்கின் உட்புறம் புற்றுநோய் என்று தெரிந்தது. கோவையில் ஆறு வாரம் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்தார்கள். கட்டி கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் பின்னாளில் பார்வை போகலாம், உயிரைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார். கட்டி கரைந்தது. இமைமுடி கொட்டியது. கண் வறண்டு, மண் விழுந்ததுபோல் உறுத்திக்கொண்டே இருந்தது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டோம். ஒன்றரை வருடம் கழித்து இரண்டு கண் நரம்புகளும் கெட்டு, வலியே இல்லாமல் பார்வை மங்கிக்கொண்டு போனது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கண் நல்ல கண்ணாகவே தெரிந்தது.

நோயின் பெயர் தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று, சைனஸ் ஆபரேஷன் என ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான். அம்மாவின் அண்ணனான மாமாவிடமும் மறைத்தேன். அம்மாவுக்கும் பாடம் நடத்தினேன். “யாருன்னு கேக்காதீங்கம்மா. கேட்டா கண்ணு தெரியலைங்கறது தெரிஞ்சுபோயிரும். வர்றவங்க மொதல்ல பேசட்டும். கொரலை வெச்சு வாங்க சொல்லுங்க.”

ஒருவழியாகத் தங்கைக்குக் கல்யாணம் கூடியது. மண்டப வாசலில் அம்மா நின்றார். சீர்த்தட்டோடு மாமா எதிரே வந்து நின்றார். மேளச் சத்தத்தில் அம்மாவுக்கு ஒரு குரலும் பிடிபடவில்லை. ‘வாங்க’ சொல்லாமல், அண்ணனைத் தாண்டி எங்கோ பார்த்தபடி இருந்தார். மாமா தாய்மாமன் சீரை ஒரு குறையும் வைக்காமல் செய்துவிட்டு, பந்தியில் கை நனைக்காமல் ஊருக்குப் போய்விட்டார்.

“எங்கண்ணன்கிட்ட மட்டுமாச்சும் சொல்லிப்போடு கண்ணு” என்று அம்மா கெஞ்சினார். தங்கைக்கு மாமியார் வீட்டில் பேச்சு வரும், ஒரு குழந்தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். அம்மாவால் போனில் நம்பர் போட முடியாது, நான்தான் போட்டுத் தர வேண்டும். குழந்தை பிறந்து நான் போட்டபோது, மாமா எங்கள் போனை எடுப்பதையே நிறுத்தியிருந்தார். நேரில் போயிருக்கலாம். வெட்கத்தில் போகவில்லை.

நோய் திரும்பி வந்தது. ஒரு நாள் தறிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தபோது அம்மா சொன்னார். “யாரோ வந்து நின்னுட்டுப் போனாங்க கண்ணு. பேசவே இல்லை.” கூரியர்காரராக இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அடுத்த மாதம் அம்மா போய்விட்டார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு மாமா வந்தார். அதை அம்மாவின்மேல் போர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“போன மாசம் வந்தனுங்க மாப்பளை. கோவத்தையெல்லாம் உட்டுப்போட்டுத்தான் வந்தேன். அம்மிணி சேர்ல உக்காந்து என்னையவே பாத்துட்டு இருந்துச்சு. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுமுன்னு நின்னேன்.”

அவர் அம்மா பேசட்டும் என்று நின்றிருக்கிறார். அம்மா, நான் சொல்லிக்கொடுத்தபடி, வந்தவர் பேசட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். நடந்ததையெல்லாம் சொன்னேன். மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை.

அம்மா ‘வாங்க’ சொல்லவில்லை என்ற மனத்தாங்கல் இன்னும் யாருக்காவது இருந்தால், அது என்மேல் இருக்கட்டும். அம்மாவின் கண்ணுக்கு மணி தவறாமல் மருந்து விட்ட என் மனைவிக்கும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன பங்காளிகளுக்கும், பாடை சுமந்த தறிக்கூடத்து ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரின் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நாளைக்குக் கிணத்துக்கடவு போகிறேன். மாமா எனக்கு ‘வாங்க’ சொல்ல மாட்டார். வாசலில் நின்று நானே முதலில் பேசுவேன்.