அறுபதுக்குக் கீழே

எண்பதுகள் முடியும் தறுவாயில், ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். ஓராண்டு முடிந்தால் பணி நிரந்தரம். அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. என்னோடு சேர்ந்த ஆறு ஆண்களும் தேறினார்கள். அவர்களில் ஒருவருக்குக் குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாத தொப்பை. என் தாளில் மட்டும் கம்பெனி டாக்டர் எழுதினார்: எடை அறுபத்தொன்பது, அதிகம்.

"பொம்பளப் புள்ள இப்படி இருந்தா நாளைக்கு லீவு லீவுன்னு வந்து நிப்பே. மூணு மாசத்துல அறுபதுக்குக் கீழ வா, கையெழுத்துப் போடறேன்."

அன்று மாலையே பட்டியல் போட்டேன். காலை ஐந்தே காலுக்கு எழ வேண்டும். தம்பியின் கேன்வாஸ் ஷூ, முனையில் பஞ்சு. சுடிதார் மேல் தொழிற்சாலைக் கோட்டு. கேன்டீனில் ஒரு கரண்டி சோறு, வடை கிடையாது. சனிக்கிழமைதோறும் பார்சல் பிரிவுத் தராசில் எடை. வரைபடத் தாளில் ஒரு புள்ளி.

"சானமாவு காட்டுப் பக்கம் ஆனை எறங்கியிருக்குதாம். இருட்டுல எங்கம்மா ஓடறே? தொரத்துனா என்ன பண்ணுவே?" என்றார் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா.

"அப்பவும் ஓடத்தானேக்கா வேணும்?"

யானையை ஒருநாளும் பார்க்கவில்லை. டீக்கடையில் நின்றவர்களைத் தினமும் பார்த்தேன். "அக்கா, பஸ் போயிடுச்சா? நிறுத்தச் சொல்லட்டா?" ஷிப்ட் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "டேய், வழி விடுங்கடா, லோடு லாரி வருது!" பஸ்ஸே சிரித்தது. அதை ஒருவர் கன்னடத்தில் வேறு திருப்பிச் சொன்னார், தமிழ் தெரியாதவர்களும் சிரிக்க வேண்டுமே என்று.

முதல் மூன்று வாரம் அந்தக் கோபமே என்னை எழுப்பியது. நான்காம் வாரம் கோபமும் என்னோடு சேர்ந்து தூங்கிவிட்டது. முழங்கால் வலித்தது. புள்ளிகள் ஒரே உயரத்தில் நின்றன. கோபத்தை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தபின் ஓடும் உடையிலேயே படுத்தேன். மனமில்லாத நாட்களில், தண்ணீர்த் தொட்டி வரை போதும் என்று எனக்கு நானே பேரம் பேசினேன். தொட்டி வந்ததும் திரும்பிப்போக வெட்கமாக இருக்கும், ஓடிவிடுவேன்.

மறுபரிசோதனைக்கு முந்தைய சனிக்கிழமை புள்ளி அறுபத்தொன்றில் நின்றது. அடுத்த இரண்டு நாளும் அரை வயிறுதான்.

டாக்டர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், எடை எழுதலையே."

"நீயே ஏதாவது போட்டுக்கம்மா."

எங்கள் பிரிவில் அளக்காமல் அளவு எழுதினால் வேலை போய்விடும். அந்தத் தாளோடு வெளியேறியிருந்தால் என் வேலை நிச்சயம். ஆனால் மூன்று மாத விடியல்களை அவர் 'ஏதாவது' என்று சொல்லிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறை மூலையில் இருந்த தராசில் ஏறினேன்.

"வந்து பாருங்க சார்."

சலித்துக்கொண்டே எழுந்து வந்தார். "அறுபத்தொண்ணு. அதுக்கு என்ன இப்ப?"

"அறுபதுக்குக் கீழ வரணும்னு சொன்னீங்க."

"நானா?"

நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தில் 61 என்று எழுதினேன்.

"இதுக்குப் பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க சார்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார். வேலை நிரந்தரமாயிற்று. வாழ்த்தியவர்களுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு இறுக்கமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.