பள்ளிபாளையத்துக் கன்னிமார்

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளி. காலை ஏழு மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஈரோடு பஸ் ஏறினேன். சங்ககிரி வழியாக அறுபது கிலோமீட்டர் போலப் பயணம். நான் இறங்கியது ஈரோட்டுக்கு எதிர்க்கரையான பள்ளிபாளையத்தில், காவிரிக்கரைக் கன்னிமாரைப் பார்க்க.

படப் புத்தகத்துக் கடற்கன்னிக்கு மீன்வால் உண்டு. எங்கள் பக்கத்து நீர்க்கன்னிகளான கன்னிமாருக்கு வால் கிடையாது. கிணறு, ஏரி, ஆறு என்று தண்ணீர் இருக்கும் இடத்தில் ஏழு பேராகக் குடியிருப்பார்கள். உச்சிவெயிலில் கரையேறுவார்கள், அந்த நேரத்தில் ஆண்கள் தனியாகப் போனால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. கரையில் ஏழு கல் நட்டால் அதுவே கோயில்.

பஸ் நிறுத்தத்தில் கூடையோடு நின்ற பெண்ணிடம் வழி கேட்டேன்.

"நானும் அங்கதானுங்க்கா போறேன். வாங்க, ஒண்ணா போயிக்கலாம்."

பெயர் சுமதி. திருச்செங்கோட்டுப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். தறிச் சத்தம் கேட்கும் தெருக்கள் வழியாக நடந்தோம். என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரரு ரிக் வண்டியில ஊரூராப் போயி தண்ணிக்குப் போரு போடறாருங்க. இப்ப ராஜஸ்தான்ல இருக்கறாரு. தைப்பொங்க நோம்பிக்கு வந்துட்டுப் போனதுதான். ஆடிக்கு வாரேன்னு சொன்னாரு. இப்ப வண்டி வேற ஊருக்குப் போகுது, கூட வரச் சொல்றாங்கன்னு இழுக்கறாரு."

கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தபடியே சொன்னாள்:

"போரு போடறதுக்கு முன்னால சூடம் பத்த வெச்சு, கன்னிமாருகிட்டத்தான் வழி கேப்பாராமா. தண்ணி பீச்சி அடிக்கறப்ப பொம்பளப் புள்ளைக சிரிக்கற மாதிரி இருக்கும்பாரு. அதைக் கேட்டா ஊட்டு நெனப்பே வராதாமா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?"

ஆற்றங்கரை அரசமரத்தடியில் ஏழு கற்கள். மஞ்சள் பூசி, பச்சை வளையல் சாத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசுவது போலவே பேசினாள்.

"நீங்க ஏழு பேரு, ஒருத்திக்கு ஒருத்தி தொணை. எனக்கு அவரு ஒருத்தருதான். அவரை உட்ருங்க."

நான் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

படித்துறைக்கு இறங்கியபோது அவள் போன் அடித்தது. வீடியோ கால். புருவம் வரை மண்தூசி படிந்த அவள் வீட்டுக்காரர் முகம்.

"மாமா, என்னங்க இப்படி இருக்கறீங்க?"

"ரெண்டு எடத்துல போட்டாச்சு புள்ள. தண்ணியே இல்ல, வெறும் மண்பொகைதான் வருது. ஊரே கொடத்தோட வந்து நின்னுட்டுத் திரும்பிப் போகுது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ எங்க இருக்கற?"

அவள் போனை ஆற்றுப் பக்கம் திருப்பினாள். கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது காவிரி.

"போனைக் கொஞ்சம் தண்ணிகிட்ட வையி சுமதி."

கடைசிப் படியில் உட்கார்ந்து, கையை நீட்டி, நீருக்கு ஒரு சாண் மேலே பிடித்தாள். சேலை நனைந்தது. ஆற்றின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். பிறகு அவர் சொன்னார்:

"வேற ஊருக்கு வரமாட்டேன்னு சொல்லிப்போடறேன். இந்த ஊருக்கு மட்டும் தண்ணி எடுத்துக் குடுத்துட்டு வாரேன். இவங்களை இப்படியே உட்டுட்டு வர மனசு வரல."

போனை வைத்ததும் சுமதி ஈரச் சேலையோடு கற்களிடம் ஓடினாள். இம்முறை கண்ணை மூடவில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் போயிட்டு வாங்க. அந்த ஊரு சனத்துக்குத் தண்ணி குடுங்க. அப்பறமா அவரை எங்கிட்ட அனுப்பி வெச்சுருங்க."

பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பினோம்; சுமதியின் திருச்செங்கோடு டவுன் பஸ் முதலில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மறுபடி போனை எடுத்துக் காதில் வைத்தாள். எனக்குக் கையாட்ட மறந்துவிட்டாள்.

சாயங்காலம் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மணியை அடித்தேன். என் கணவர் கதவைத் திறந்தார். தினமும் பார்க்கிற முகம்தான்.

"என்ன, உள்ளே வராம நிக்கிறே?" என்றார்.

"சும்மாதான்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.