மூன்றாம் பாகத்தின் பின்தாள்

ஈரம் ஏறிய காகிதத்தின் புளித்த வாடை பட்டால் எனக்கு இன்றும் கால் ஓரிடத்தில் நிற்காது. தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே இருந்த வாசகசாலையில், மழைக்காலம் முழுக்கப் பூசணம் பூத்துக் கிடந்த நான்கு கறுப்பு அட்டை நாவல்களின் வாடை அது. இல்லாத ஒரு தேசத்தின் கதைதான். ஆனாலும் நிஜச் சரித்திரம் போலப் பஞ்சமும் படையெடுப்பும் துரோகமுமாக, நல்லவர்களை ஈவிரக்கமில்லாமல் சாகடித்துக்கொண்டே போகும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பின்தாளில் 'அபிப்பிராயம்' எழுதிப் பெயர் போட வேண்டும், எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது என்பது எங்கள் வாசகசாலை வழக்கம். "இளவரசனைக் கொன்றது அநியாயம்" என்று லாரி டிரைவர் பொருமியிருப்பார். "அரண்மனைச் சாவுக்கு மட்டும் அழுகிறீர்களே, முதல் பாகத்தில் பட்டினியில் செத்த ஊர் மறந்துபோனதா?" என்று கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி அதன் கீழேயே மடக்கியிருப்பாள். பிள்ளைகளுக்கு அங்கே உறுப்பினர் அட்டை கிடையாது என்பதால், பன்னிரண்டு வயதில் நான் என் அம்மா ஞானம்மாள் பெயரில் எடுத்துப் படித்து, அபிப்பிராயத்தையும் அவர் பெயரிலேயே எழுதிவந்தேன். காட்டு வேலைக்கும் அடுப்படிக்குமே பொழுது சரியாய்ப் போன அம்மா ஒரு வரிகூடப் படித்ததில்லை என்பது என் எண்ணம்.

மூன்றாம் பாகத்தில் ஒரு தளபதி, பஞ்சத்தில் வாடிய ஜனங்களுக்குப் பொய் ஆசை காட்டி மலைக்கு ஏற்றி வந்து அடிமையாக்குவான். கைக்குழந்தையோடு தப்பி ஓடுகிற ஒருத்தி கணவாயில் வந்து நிற்க, பின்னால் வேட்டைநாய்கள் குரைக்க, பாகம் முடிந்துவிடும். அந்தப் பதைப்போடேயே பேனாவை எடுத்து, "இந்தத் தளபதி நம் ஆட்களைக் கூட்டி வந்த பெரிய கங்காணி மாதிரியே இருக்கிறான்" என்று எழுதித் தொலைத்தேன். பெரிய கங்காணியின் படம் மாலையோடு அந்த வாசகசாலைச் சுவரில்தான் தொங்கியது. செயலாளர் செல்லத்துரை அவருடைய பேரன்.

அடுத்த ஞாயிறு கோயில் முடிந்து நானும் அம்மாவும் வாசகசாலைக்குப் போனபோது செல்லத்துரை நான்காம் பாகத்தை மேசைமேல் எடுத்து வைத்தார். "அக்கா, நீங்க எழுதுனத உங்க கையாலயே அடிச்சு விட்டுட்டு இத எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா இனிமே உங்களுக்குப் புஸ்தகம் கெடையாது."

நான் அம்மாவின் முந்தானையை இழுத்து, "அடிச்சிரும்மா, அடிச்சிரு" என்று கெஞ்சினேன். அம்மா விரல் வைத்து அந்த வரியை வாசித்தார். "நாந்தான் எழுதுனேன். இதுல என்ன பொய் இருக்கு? அடிக்க மாட்டேன்."

அட்டையை மேசையில் போட்டுவிட்டு நடந்தவர், வழியில், "யார்ட்டயும் போய் இரவல் கேக்கக் கூடாது" என்றும் சொல்லிவிட்டார். "உனக்கென்னம்மா, நீயா படிக்கிற?" என்று நான் லயமே கேட்கக் கத்தினேன். மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வாசகசாலை இப்போது இல்லை, கூரை இறங்கி, பின்தாள்களெல்லாம் கரையானுக்குப் போய்விட்டன. அந்த ஆசிரியரின் கொடுமை அதிகமா இல்லையா என்ற சண்டையை இன்று முகம் தெரியாதவர்கள் போனில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நானும் பேருந்துக்கு நிற்கிற நேரமெல்லாம் அதையே தள்ளித் தள்ளிப் படிக்கிறேன். போன மாதம் புதுப் பதிப்பில் நான்கு பாகங்களையும் வாங்கி, நான்காவதை வழியிலேயே படித்துவிட்டு அம்மாவிடம் போனேன். நான்காவதைத் தடவிப் பார்த்தவர், "கண்ணு தெரியல, நீயே சொல்லு. அந்தப் பொண்ணு பிள்ளையத் தூக்கிட்டு கணவாயத் தாண்டிட்டாளா?" என்றார்.

நான் அந்தக் கதையை அவரிடம் சொன்னதே இல்லை. "நீ எப்பம்மா படிச்ச?"

"நீ பள்ளிக்கூடம் போனப்பறம் கூடைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போவேன். கொழுந்து நிறுக்க வரிசைல நிக்கிறப்ப படிக்கிறதுதான்."

அன்று நான் கத்தியதெல்லாம் இப்போது என்னையே சுட்டது. தாண்டவில்லை, மூன்றாம் பக்கத்திலேயே செத்துவிடுகிறாள் என்று மெதுவாகச் சொன்னேன்.

"செத்துட்டாளா?" அம்மா புத்தகத்தை என் மடியில் தள்ளினார். "இதுக்கா நான் இத்தன வருசம் காத்துக் கெடந்தேன்?"