நச்சரிப்பு என்றொரு ஃபோல்டர்

எங்கள் டிசைன் அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டி மேய்ப்பவர் ஃபைலக்கா. வாடிக்கையாளர்களின் ஃபோல்டர்களுக்கு அவர் கம்பெனிப் பெயரை வைத்ததே இல்லை. நாங்கள் எப்படிச் சொல்வோமோ, அதுதான் பெயர். "தேடுறப்போ அதுதானே வாயில வருது" என்பார்.

போன மாதம் எங்களை விலைக்கு வாங்கியது, எங்கள் வாடிக்கையாளராக இருந்த ஒரு பெரிய கம்பெனி. எங்கள் கிளவுட் கணக்கிலிருந்த பதினோராயிரம் கோப்புகளை அவர்கள் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். அக்கா மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் மாற்றி முடித்தார்.

நான்காம் நாள் புது மேலாளர் திரையைப் பார்த்தபடி கேட்டார். "இந்த 'நச்சரிப்பு' யாரும்மா? உள்ள பூரா எங்க ஃபைலா இருக்கு?"

அக்கா அசரவில்லை.

"நீங்கதான் சார். ஒரு லோகோவைப் பத்தொன்பது தடவை மாத்தச் சொன்னீங்க."

அவர் திறந்து எண்ணினார். பத்தொன்பதும் இருந்தன.

"சரி, எங்க கம்பெனிப் பேரையே வெச்சிடுங்க."

"வெக்கிறேன். ஆனா உங்க கணக்குல எல்லாத்துக்கும் அந்தப் பேருதான் சார். தேடினா ஆயிரம் வரும்."

மறுநாள் மேலாளர் அறையிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, நம்ம நச்சரிப்பு எங்க போச்சு?"